பேசுவோர் ஒருவர்

மழை வரப்போகிறதென்று தெருவிலுள்ள சுவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. எதிர்வீட்டுச் சுவர் போஜ்புரியில் சொன்னது. மேல்மாடிச் சுவர் நேபாளியில். பக்கத்து வீட்டில் நல்ல கொங்குத் தமிழில், "மழ வருதுங்க, துணிமணிய எடுத்துப் போடுங்க" என்று அதட்டாத குரல். மூலைவீட்டில் தெலுங்கு. அந்த வீட்டுக்காரர்கள் வாசலைத் தாண்டித் தெலுங்கில் ஒரு வார்த்தை பேசி இந்தத் தெருவில் எவரும் கேட்டதில்லை. ஆனால் சுவரில் பதித்த செவியை ஏமாற்ற முடியுமா?

நித்திலாவின் வீட்டுச் சுவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அடுப்படிக்கும் கூடத்திற்கும் நடுவில் பதித்திருந்த உள்ளங்கையளவு வெள்ளைத் தகட்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் என்றால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சை வந்தால்தான் பேசும். நித்திலா நாலு வீட்டுச் சத்தத்தை வைத்து விஷயத்தை ஊகித்து, மாடிப்படி ஏறி, நனைந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து தகட்டை முறைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லுது. எனக்கு ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

செவி அதையும் கேட்டுக்கொண்டது.

முன்னொரு காலத்தில் ஆட்கள் வீடு வீடாக வந்து, "உங்க வீட்டுல என்ன மொழி பேசறீங்க?" என்று கேட்டுக்கொண்டு போவார்களாம். மக்களும் வாய்க்கு வந்ததைச் சொல்வார்களாம். மானத்துக்காக ஒரு பதில், பயத்துக்காக ஒரு பதில், பக்கத்தில் நிற்கிறவனுக்காக ஒரு பதில். அந்தக் கூத்துக்கெல்லாம் முடிவுகட்டத்தான் இல்லச்செவி வந்தது. அது யாரையும் எதுவும் கேட்காது. ஆடியில் மாட்டினால் தீபாவளி வரைக்கும் சும்மா காதுகொடுத்துக் கிடக்கும். பிறகு இந்த வீட்டின் மொழி இதுதான் என்று தீர்ப்புச் சொல்லும். அன்றிலிருந்து அந்தச் சுவர் அந்த மொழியில்தான் பேசும். மருத்துவர் அந்த மொழியில் விசாரிப்பார், பிள்ளைக்குப் பாடம் அந்த மொழியில் நடக்கும், கரன்ட் போகப்போகிறதென்றால்கூட அந்த மொழியில் தகவல் வரும். நாடு முழுக்க அவரவர் வீட்டுப் பேச்சுக்கு அப்படியொரு மரியாதை வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றார்கள்? ஒரே ஒரு நிபந்தனை: ஒரு வீட்டுக்கு ஒரு மொழி.

செவியை மாட்ட வந்த ஆள், ஏணியில் நின்றபடியே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "டிவி சத்தமெல்லாம் கணக்குல வராதுங்க. சும்மா பேசினாலும் பத்தாது. இந்த வாயிலருந்து கெளம்பினது அந்தக் காதுக்குப் போய்ச் சேந்துச்சா, பதில் வந்துச்சா, அதத்தான் இது பாக்கும்." நித்திலா அதைக் காதில் வாங்கவில்லை. ஏணியை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லி அவள் தன் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஒடியாவில்.

ஆமாம், ஒடியாவில்தான். நித்திலா காங்கேயத்துக்காரி. சுதாம் ஒடிசாவில் கேந்திராபாரா பக்கத்துக் கிராமத்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் இயந்திரக் கைகளை ஓட்டுகிறவனாக அவன் சேர்ந்தபோது அவள் அங்கே செக்கிங்கில் இருந்தாள். அவளிடம் பேசவேண்டுமென்று அவன் தமிழ் கற்றான். அவனுக்குப் பதில் சொல்லவேண்டுமென்று அவள் ஒடியா கற்றாள். இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் டீக்குப் போகிற வழியில் அவன் தமிழில் ஆரம்பிக்க, அவள் அதே நேரத்தில் ஒடியாவில் ஆரம்பிக்க, இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமானபிறகும் அப்படியே நின்றுவிட்டது. அவள் ஒடியாவில் பேசுவாள், அவன் தமிழில் பதில் சொல்வான்.

அவள் பேசிய ஒடியாவை ஒடிசாவில் ஒருத்தரும் பேசமாட்டார்கள். வா என்பதற்கு அங்கே 'ஆசொ' என்பார்கள். புருஷனை எப்படி மரியாதையில்லாமல் கூப்பிடுவது என்று நித்திலா அதோடு நம்மூர் 'ங்க'வைச் சேர்த்து, "ஆசொங்க" என்றுதான் கூப்பிடுவாள். அவன் பேசிய தமிழோ அதைவிட மோசம். கம்பெனியில் கேட்ட 'அம்மணி'யைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அம்மணி போடுவான். அவளுக்குக் கோபம் வந்தால் தட்டை அவள் முன்னால் நகர்த்தி, "கோபம் ரொம்ப சூடு அம்மணி. ஊதிச் சாப்பிடு" என்பான். அவன் என்ன நினைத்து அப்படிச் சொல்ல ஆரம்பித்தானோ! அதைக் கேட்டபிறகு கோபமாக இருக்க அவளால் முடிந்ததே இல்லை.

பிறந்த பெண்ணுக்கு மல்லி என்று பேர் வைத்தார்கள். இரண்டு பக்கமும் அதே பூ, அதே பேர், யாருக்கும் வருத்தமில்லை. ஆறு வயதாகப்போகிற மல்லி இரண்டையும் ஒரே வாயில் போட்டுக் குதப்பிப் பேசினாள். "அம்மா, பாணி டிக்கே குடு" என்பாள். கொஞ்சம் தண்ணீர் கேட்கிறாளென்று அந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் முழிப்பார்கள்.

வினை கோகுலன் உருவத்தில் வந்தது. கோகுலன் நித்திலாவின் அண்ணன். தங்கை மேல் பாசமுள்ள ஆள், அதைவிட ஊர்க்காரியங்களில் பாசமுள்ள ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, காப்பியைக் குடித்துவிட்டு, மஞ்சள் விளக்கைச் சுட்டிக்காட்டிக் கேட்டான்.

"ஏம்மணி, உன்ற ஊட்டுல ஆரு நெறையப் பேசறது?"

"நாந்தாண்ணா. அதுல என்ன சந்தேகம்? அவரு வாயத் தொறந்தா முத்து உதுந்துரும்."

"நீ எதுல பேசறே?"

நித்திலா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதான் சொல்றேன்," என்றான் கோகுலன். "நாளைக்கு இந்தச் செவி இது ஒடியா ஊடுன்னு சொல்லும். மாப்பிள்ளயால இல்ல, உன்னால. எந்த மொழிக்கு ஊடு அதிகமோ அந்த மொழிக்குத்தான் இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நம்ம மல்லி ஒடியாப் பள்ளிக்கூடத்துல படிப்பா. படிச்சுட்டுப் போகட்டும், தப்பில்ல. ஆனா உனக்கு நெஞ்சு வலிச்சு நீ உளுந்து கெடந்தீன்னா, சொவரு உன்கிட்ட என்ன ஏதுன்னு ஒடியாவுல கேக்கும். அப்ப உனக்கு அது ஞாபகம் வருமா?"

அவன் போய்விட்டான். அவன் விட்டுப்போனது போகவில்லை. நித்திலாவுக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் கழுவினாள். ஒடியா மேல் அவளுக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. ஆனால் தன் வீட்டுச் சுவர், தன் அடுப்படிக்குப் பக்கத்திலிருந்து, தனக்கு அரையும்குறையுமாகத் தெரிந்த மொழியில் காலம் முழுக்கப் பேசப்போகிறதே! மகளும் சுவரும் சரளமாகப் பேசிக்கொண்டிருக்க, தான் ஓரமாக நின்று விழிப்பதுபோல் ஒரு காட்சி வந்து வந்து போனது.

மறுநாள் சுதாம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினான். "வாங்க, சோறு போட்டுட்டேன்" என்றாள் நித்திலா.

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "யாரு வந்திருக்கு?"

"ஆரும் வல்ல. நாமதான்."

அவள் தமிழில் பேசினால் வீட்டில் விருந்தாளி இருப்பதாக அர்த்தம், அவனுக்கு அப்படித்தான் பழக்கம். வாசலிலேயே கொஞ்ச நேரம் சிரித்தபடி நின்றான். ஆசொங்க வருமென்று பார்த்தான். வரவில்லை. உள்ளே வந்து சாப்பிட்டான்.

நாலைந்து நாள் இப்படியே போனது. காரணத்தை அவன் கடைசியில் கோகுலனிடமிருந்துதான் தெரிந்துகொண்டான். கோகுலன் அதை ஏதோ பெரிய சாமர்த்தியமாகக் கம்பெனி வாசலில் வைத்துச் சொல்லிச் சிரித்திருக்கிறான். சுதாம் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"என் அம்மாவுக்கு போன்ல சொன்னேன், உங்க மருமகள் நம்ம பேச்சுக் கத்துக்கிச்சு, எனக்காகக் கத்துக்கிச்சு," என்றான் தமிழில். "அம்மா ஊர் முழுக்க சொல்லிச்சு. இப்ப என் பேச்சு இந்த சுவருக்குக் கூடாதா அம்மணி?"

"அப்படியில்ல..." என்று ஆரம்பித்தாள். தமிழில்தான். ஒடியாவில் சொல்லியிருந்தால் ஒருவேளை அவன் சிரித்திருப்பான். ஆனால் சுவரில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததே!

மறுநாளிலிருந்து அவன் ஒடியாவுக்கு மாறினான். இங்கேதான் நித்திலாவுக்கு முதல் அடி விழுந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் ஒடியா பேசி அவள் கேட்டது போனில் மட்டும்தான், அதுவும் அடுத்த அறையிலிருந்து. இப்போது நேரில் பேசினான். என்ன வேகம்! மடமடவென்று கொட்டினான். கிண்டல் வந்தது, அதிகாரம் வந்தது, அவளுக்குத் தெரியாத ஒரு சாதுரியம் வந்தது. பாதி அவளுக்குப் புரியவேயில்லை. தன் மொழியில் இவன் வேறு ஆளாக இருக்கிறானே என்று அவள் திகைத்தாள். அவளும் விடுவாளா? தன் தமிழில் வெளுத்து வாங்கினாள். அவனும் அதே திகைப்போடு அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தனை வருஷமும் இருவரும் மெதுவாகப் பேசியிருந்தார்கள். அடுத்தவருக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியிருந்தார்கள். இப்போது இருவருக்கும் நாக்கு நன்றாகப் புரண்டது. அதனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

போட்டி முற்றியது. நித்திலா குக்கரிடம் பேசினாள், துணியிடம் பேசினாள், தட்டில் விழுந்த உப்பைப் பற்றிச் சுவருக்குக் கேட்கும்படி சத்தமாக அபிப்பிராயம் சொன்னாள். வாயே திறக்காத சுதாம், தகட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் ஊருக்குப் போகிற வழியிலுள்ள ஆறு, குளம், சந்தை என்று ஒவ்வொன்றாக ஒடியாவில் வர்ணித்தான். அவன் கூட்டாளி பனமாலி வேறு வந்து, இன்னும் ஒரே ஒரு வீடு சேர்ந்தால் ஒடியாப் பள்ளி இந்தப் பக்கமே வந்துவிடும் என்று உசுப்பிவிட்டுப் போனான். இரண்டு பேரும் நாளெல்லாம் பேசினார்கள். ஒருவருக்கொருவர் பேசுவதுதான் நின்றுபோனது.

புருஷன் பெண்டாட்டி முகம்கொடுத்துப் பேசாத வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? நடுவில் பிள்ளை இருக்கிறதே!

"மல்லி, உங்கப்பன்கிட்டச் சொல்லு. சோறு ஆறிப்போகுது, வேணும்னா வந்து கொட்டிக்கச் சொல்லு."

மல்லி கூடத்துக்கு ஓடுவாள். "அப்பா, அம்மா ஆசொங்க சொன்னா. சோறு டிக்கே சூடு. ஊதிச் சாப்பிடு."

அவன் ஒடியாவில் ஏதோ முறைப்பாகச் சொல்வான். பசியில்லை, உன் அம்மாவையே தின்னச் சொல் என்கிற மாதிரி. மல்லி திரும்ப ஓடிவருவாள். "அம்மா, அப்பா நீயும் ஆசொங்கன்னு சொன்னாரு. சேந்து காவொங்க."

நித்திலாவுக்குத் தெரியும், அவன் சேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டிருக்கமாட்டான் என்று. அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் தட்டு வைத்தாள், அவன் வந்து உட்கார்ந்தான். இங்கிருந்து போகிற கல், மல்லியின் வாயில் நுழைந்து வெளியே வரும்போது மிட்டாயாகியிருந்தது. புரட்டாசி முழுக்க அந்த வீட்டுச் சம்சாரம் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் ஓடியது. வேலைக்குக் கிளம்புவது, காய்ச்சல் மாத்திரை, கேஸ் தீர்ந்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் மல்லி சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். அவளும் அலுத்துக்கொள்ளவில்லை. சில நாள் தூக்கத்தில்கூட "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்று முனகினாள். நித்திலா எழுந்து உட்கார்ந்து அவளைத் தட்டிக்கொடுத்தாள். தீபாவளி முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். சுதாமும் அதைத்தான் நினைத்திருப்பான்.

தீபாவளிக்கு மறுவாரம் தகடு தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தது. கோகுலன் லட்டோடு வந்தான். பனமாலி ரசகுல்லாவோடு வந்தான். இருவரும் சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் டப்பாவை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நித்திலா அடுப்படி வாசலில் நின்றாள், சுதாம் ஜன்னலோரம் நின்றான். விளக்கு ஒரு துடி துடித்துப் பச்சையானது.

தமிழா, ஒடியாவா?

"மல்லி, ஆசொங்க," என்றது சுவர். "இங்க பொசொங்க. லட்டு டிக்கே, ரசகுல்லா டிக்கே. அம்மணிக்குக் கோபம் இல்ல, சூடு இல்ல. ஊதாம சாப்பிடு."

மல்லி சொன்ன இடத்தில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தாள்.

"இதென்ன கருமம்?" என்றான் கோகுலன். பனமாலியும் தன் மொழியில் அதையேதான் கேட்டான் போலிருக்கிறது.

சுவர் மல்லியோடு பேசிக்கொண்டே போனது. பெரியவர்களை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. கோகுலன், செவிகளை மாட்டிவிட்ட வீட்டுமொழி ஆணையத்துக்குப் போன் போட்டுக் கத்தினான். பழுது பார்க்கச் சொன்னான். அடுத்தநாள் அங்கிருந்து ஒரு மொழியாய்வர் வந்தாள். ஃபர்ஹானா என்று பேர், நித்திலாவின் வயதுதான் இருக்கும். தகட்டில் தன் கருவியை வைத்துக் கொஞ்ச நேரம் படித்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்களில் நீர் தளும்பி நின்றது, சந்தோஷத்தில்.

"பழுதெல்லாம் இல்லைங்க. எங்க ஆணையத்துல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. உங்க வீட்டுல ஒரு புது மொழி இருக்கு."

"புது மொழியா? ரெண்டையும் கொழப்பியடிச்ச பேச்சுங்க அது," என்றாள் நித்திலா.

"எல்லா மொழியும் ஒரு காலத்துல ஏதோ ரெண்டு பேர் கொழப்பியடிச்சதுதான். செவி பேரைப் பாக்காது. இந்த வீட்டுல ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்கு எதுல போய்ச் சேருதுன்னு பாக்கும். நீங்க தமிழ்ல நிறையப் பேசியிருக்கீங்க, யாரும் பதில் சொல்லல. உங்க கணவர் ஒடியாவுல நிறையப் பேசியிருக்கார், அதுக்கும் யாரும் பதில் சொல்லல. போய்ச் சேந்ததெல்லாம் இந்தப் பொண்ணு பேசினது மட்டும்தான்."

சுதாம் தலையைக் குனிந்துகொண்டான். ஃபர்ஹானா தயங்கினாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஆடி மாசத்துல கேட்க ஆரம்பிச்சப்போ இதைப் பேசறவங்க மூணு பேர்னு பதிவாகியிருக்கு. இப்ப ஒருத்தர். ஒரு மொழி இவ்வளவு சீக்கிரம் அழிஞ்சு நாங்க பாத்ததில்ல. சட்டப்படி இதை அருகிய மொழின்னு அறிவிக்கணும். இனிமே இதுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. மல்லிக்குப் பாடம், மருத்துவம், எல்லாமே இதுலதான். பேசறவ சின்னப் பொண்ணுங்கறதால வெளிப்பேச்சு கலந்துடாம செவி பாத்துக்கும். யாராவது தப்பாப் பேசினா, இந்த வீட்டுல எப்படிப் பேசுவாங்களோ அப்படித் திருத்தும். பயப்படாதீங்க, பணிவாத்தான் சொல்லும்."

"அப்ப நாங்க?" என்றாள் நித்திலா.

"நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுல இரண்டாம்மொழிக்காரங்க. வேணும்னா உங்களுக்குத் தனியா மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி அமைச்சுட்டுப் போறேன்."

நித்திலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனவள், அங்கே குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கோகுலன் லட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போகலாமா, விட்டுவிட்டுப் போகலாமா என்று தெரியாமல் நின்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறொரு வேதனை ஆரம்பித்தது. சுவர் நாள் முழுக்க மல்லியிடம் பேசியது. எதில் பேசியது? சுதாமின் பழைய தமிழில், நித்திலாவின் பழைய ஒடியாவில். கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, "தப்பு பரவால்ல அம்மணி" என்றது. அதை முதன்முதலில் அவன் சொன்னது கம்பெனியில், அவள் ஒரு பெட்டி பீஸை மாற்றி அனுப்பிவிட்டு அழுதுகொண்டிருந்தபோது. சாப்பிடக் கூப்பிடும்போது சுவர் "ஆசொங்க" என்று இழுத்தது. அந்த இழுப்பு அவளுடையது. தோசை வார்த்துக்கொண்டிருப்பவள் கை அப்படியே நின்றுவிடும். கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் சுதாம் சட்டென்று தலையைத் தூக்குவான். பிறகு இருவரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். தங்களுக்கிடையில் இருந்தது அத்தனையும் சுவர் எடுத்து வைத்துக்கொண்டு மகளுக்குக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். பொறாமை என்றுதான் சொல்லவேண்டும். பெற்ற பிள்ளை மேல் பொறாமை!

போட்டி தோற்றுவிட்டதால் இனிச் சண்டைக்கு வேலையில்லை. இருந்தாலும் யார் முதலில் ஆரம்பிப்பது? நித்திலா தனியாகக் குளியலறையில் நின்று தன் பழைய ஒடியாவைப் பேசிப் பார்த்தாள். சொற்கள் வந்தன, பழைய தைரியம் வரவில்லை. தப்பாகப் பேசுகிறோமே என்ற கூச்சம் முன்பு அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது தன் தப்பை எங்கே சரியாகப் பேசாமல் போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் தெருச் சுவர்கள் எல்லாம் மறுபடி ஒன்றாகப் பேசின. போஜ்புரி, நேபாளி, தெலுங்கு, தமிழ். இந்தத் தடவை நித்திலாவின் சுவரும் சேர்ந்துகொண்டது. "மல்லி, மழை ஆசுது. மேல துணி இருக்கு. அம்மாகிட்டச் சொல்லு, அப்பாகிட்டச் சொல்லு."

மல்லி இருவரிடமும் ஓடி ஓடிச் சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் மாடிப்படியில் ஏறினார்கள். மழை வந்தேவிட்டது. ஒரு முனையிலிருந்து அவளும் மறு முனையிலிருந்து அவனும் துணியை உருவிக்கொண்டே வந்து, நடுக்கொடியில் மல்லியின் பாவாடையை இருவரும் பிடித்தார்கள். அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இளைத்திருந்தான். இவ்வளவு நாளும் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம்? ஏதோ சொல்ல நினைத்தாள். இடி இடித்தது, மல்லி கீழேயிருந்து கூப்பிட்டாள். இறங்கி ஓடினார்கள்.

கூடத்தில் துணிமூட்டையைப் போட்டுவிட்டு நித்திலா துண்டை எடுத்தாள். முதலில் மல்லியின் தலையைத் துவட்டவேண்டும் என்றுதான் எடுத்தாள். ஆனால் கை அவன் பக்கம் நீண்டது. சுவரையோ விளக்கையோ அவள் பார்க்கவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"ஆசொங்க," என்றாள். "டிக்கே ஆசொங்க. தலையெல்லாம் பாணி."

"கோபம்..." என்று அவன் ஆரம்பித்தான், தமிழில், அந்தப் பழைய ஓட்டைத் தமிழில். "கோபம் ஆறிப்போச்சா அம்மணி?"

பச்சை விளக்கு மென்மையாக ஒருமுறை மினுங்கியது.

"மன்னிக்கவும்," என்றது செவி. அவளுக்குப் புரியவேண்டுமென்று நல்ல தமிழில் சொன்னது, பிறகு அவனுக்காக நல்ல ஒடியாவிலும் சொன்னது. "சொற்கள் எல்லாம் சரி. உச்சரிப்பும் சரி. ஆனால் இந்த மொழியில் அம்மா அப்பாவிடம் நேராகப் பேசுவதில்லை. அப்பாவும் அம்மாவிடம் பேசுவதில்லை. மல்லியிடம் சொல்லுங்கள். அவள் சொல்வாள்."

அதற்குள் மல்லி இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். ஈரத் தலையோடு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லும்மா," என்றாள். "நான் அப்பாகிட்டச் சொல்லிடறேன்."

சுதாம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.